ஆல்பம் வந்தது, படம் வரவில்லை

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டிலிருந்து கல்யாண ஆல்பத்தின் லிங்க் நியூ ஜெர்சிக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் போதும். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அங்கே இருக்கும் அத்தைக்கு லிங்க் திறப்பதில்லை. சென்னையில் சித்தப்பாவுக்குத் திறக்கிறது, ஆனால் சில படங்களில் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். பெங்களூரில் பெரியம்மா பிள்ளைக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டுக் காசி யாத்திரைக்குக் கிளம்புகிறார். பெரிதாக அச்சடிக்க ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனால், பின்னணியில் நிற்கும் ராஜகோபுரம் பனிமூட்டத்தில் எடுத்ததுபோல் இருக்கிறது. நாலு பேரும் சொல்வது ஒரே வாக்கியம்: ‘ஆல்பம் சரியா வரலை.’ நடந்திருப்பதோ நாலு வேறு வேறு பிழை.

எது எங்கே பழுதாகிறது என்று பார்க்க, படக் கோப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் உள்ளே இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று படம், அதாவது ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சொல்லும் எண்கள். மற்றது அதைப் பற்றிய குறிப்பு: எந்த நாள், எத்தனை மணி, எந்த கேமரா, எந்தப் பக்கம் மேல், சில சமயம் எந்த இடம் என்பதுவரை. 1995-ல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் என்ற முறைப்படி இந்தக் குறிப்பு கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்படுகிறது. ஆல்பம் என்பது மூன்றாவது சமாச்சாரம். இணையத்தில் இருக்கும் ஆல்பத்துக்குள் படம் கிடையாது. எந்தெந்தப் படம், எந்த வரிசையில், யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியல்தான் அது.

ஆகவே புகார் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, எல்லாருக்கும் இதே கதியா, ஒருவருக்கு மட்டுமா என்பது. எல்லாருக்கும் என்றால் பழுது அனுப்பியவர் பக்கம். ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய போன், அவர் உள்நுழைந்திருக்கும் கணக்கு, அவர் பயன்படுத்தும் இணைப்பு ஆகியவற்றில் ஒன்று. இதைக் கேட்காமல் ஆப்பை நீக்கி மறுபடி நிறுவுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதனால் பெரும்பாலும் ஒரு பயனும் இருப்பதில்லை.

அதிகம் கேட்கும் புகார் மங்கல். அதன் காரணம் படத்தைச் சுருக்கும் கணக்கில் இருக்கிறது. ஒரு சாதாரண போன் கேமரா எடுக்கும் படத்தில் 4000-க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் என்று அப்படியே எழுதினால் 36 மெகாபைட் ஆகும். கையில் கிடைக்கும் கோப்போ சுமார் 4 மெகாபைட்தான். மிச்சத்தைக் குறைத்தது 1992-ல் வெளிவந்த ஜேபெக் முறை. அதன் உயிர்நாடியான கணிதம் அதற்கு முன்பே, 1974 ஜனவரியில் மூன்று பெயர்களில் கட்டுரையாக வந்துவிட்டது: பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன், டெக்சஸில் இருந்த கே. ஆர். ராவ். இந்த ஆராய்ச்சிக்காக 1972-ல் அகமது கேட்ட நிதியை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தர மறுத்தது. இன்று உலகத்தின் குடும்பப் படங்களில் பெரும்பகுதி அந்தக் கணக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு இப்படி. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கோலம்போல 64 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது ஜேபெக். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மெதுவான ஏற்ற இறக்கம், எவ்வளவு வேகமான ஏற்ற இறக்கம் என்று 64 அளவுகளாக மாற்றி எழுதுகிறது. மனிதக் கண் மெதுவான மாற்றத்தை நன்றாகப் பிடிக்கும். நுணுக்கமான நெருக்கத்தில் கொஞ்சம் ஏமாறும். அதனால் நுணுக்கத்தைச் சொல்லும் அளவுகள் முரட்டுத்தனமாக முழுமையாக்கப்பட்டு, பல பூஜ்யமாகிவிடுகின்றன. ராஜகோபுரத்தைக் கீழிருந்து எடுத்த படத்தில் வானத்தின் ஒரு கட்டத்துக்கு ஒன்றிரண்டு எண்கள் போதும். 1987-ல் கட்டி முடித்த, 13 நிலைகளும் சுமார் 72 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் விழும் கட்டத்துக்கோ நிறைய எண்கள் வேண்டும். கோப்பைச் சின்னதாக்கச் சொன்னால் முதலில் பலியாவது சிற்பம்தான். வானம் பளிச்சென்று இருக்க, கோபுரம் மட்டும் மெழுகாக உருகித் தெரிவது இதனால். கோபுர விளிம்பை ஒட்டி வானத்தில் கொசு மொய்த்தாற்போல ஒரு கலங்கல் வருவதும் இந்தக் கட்டங்களின் வேலையே.

நிறத்தில் இன்னும் கஞ்சத்தனம். வெளிச்சத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் எழுதும் ஜேபெக், நிறத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் எழுதும். சேலை, சுவர், முகம் எதிலும் இது தெரியாது. நெற்றியில் தெரியும். திருமண்ணின் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஓடும் ஸ்ரீசூர்ணக் கோடு, கொஞ்சம் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒன்றிரண்டு பிக்சல் அகலமே இருக்கும். அதன் சிவப்பு அக்கம்பக்கத்து வெள்ளையோடு பங்குபோடப்பட்டு வெளிறிய ரோஜா நிறமாகிவிடும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இதற்கு மேலும் ஒரு சுருக்கம் நடக்கிறது. சாதாரணத் தரத்தில் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகக் குறைக்கப்படும். 4000-க்கு 3000 இருந்தது 1600-க்கு 1200 ஆனால் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்கு பிக்சல்கூட இல்லை. போன் திரையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 18 அங்குல ஆல்பத் தாளில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 89 பிக்சல்தான் விழும். நல்ல அச்சுக்கு 300 வேண்டும் என்பது ஸ்டூடியோக் கணக்கு. 2023 ஆகஸ்டில் வந்த ஹெச்டி விருப்பம் இதைவிடப் பெரிய படத்தை அனுப்புகிறது, ஆனாலும் அது மூலம் அல்ல. படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்பினால்தான் கோப்பு ஒரு பைட் மாறாமல் போகும். ஆப்பிளின் பகிர்ந்த ஆல்பத்திலும் படத்தின் நீளப் பக்கம் 2048 பிக்சலாகக் குறையும். கூகுள் போட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று வைத்திருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்கு இறக்கப்படும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மூலவர் கர்ப்பக்கிருகத்தை விட்டு நகர்வதில்லை. வீதிக்கு எழுந்தருள்வது உற்சவர். ஆல்பத்தில் வீதிவலம் வரும் படமும் அப்படித்தான், மூலப்படம் எடுத்த கேமராவின் கார்டிலோ போனிலோ ஹார்ட் டிஸ்கிலோ இருக்கிறது. மங்கிய பிரதியைக் கூர்மையாக்கும் செயலிகள் போன விவரத்தைத் திருப்பித் தருவதில்லை. இருந்திருக்கக்கூடியதை ஊகித்து வரைகின்றன. பாட்டியின் முகத்தில் அந்த ஊகம் வேறு யாருடைய முகமாகவோ முடிவதும் உண்டு. மூலம் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் பரிகாரம்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் எடுத்த ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளிப் படங்கள் 1858-லேயே தொகுப்புகளாக வெளிவந்தன. அவர் கேமராவில் பதிந்தது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். பலருக்கும் போனது அதிலிருந்து எடுத்த அச்சு. அச்சு எத்தனை மங்கினாலும் நெகட்டிவ் நன்றாக இருந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். இன்றைய வசதி என்னவென்றால் நெகட்டிவையே மாற்றமின்றிப் பிரதி எடுக்க முடியும். பெரும்பாலானவர்கள் அச்சைத்தான் பிரதி எடுக்கிறார்கள்.

சாம்பல் படத்தின் கதை வேறு. ஜேபெக் கோப்பு எப்போதும் 255, 216 என்ற இரண்டு எண்களில் தொடங்கி 255, 217 என்ற இரண்டில் முடியும். நடுவே கட்டங்கள் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, சங்கிலிபோல எழுதப்பட்டிருக்கும். பதிவேற்றம் பாதியில் அறுந்தாலோ, பிரதி எடுத்து முடிவதற்குள் பென்டிரைவைப் பிடுங்கினாலோ கடைசிப் பகுதி வந்து சேராது. வந்தவரை வரைந்துவிட்டு மீதிக்குச் சாம்பலைப் பூசிவிடுகிறது மென்பொருள். சில படங்களில் சாம்பலுக்குப் பதில் ஒரு கோட்டுக்குக் கீழே எல்லாம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறி, பக்கவாட்டில் நகர்ந்தும் நிற்கும். ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சமும் நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்றே எழுதப்படுவதால், நடுவில் ஒரு எண் கெட்டாலும் அதற்குப் பின்வரும் வரிசை முழுவதும் தடம் புரளும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஆல்பத்தில் சிறிதாகப் பார்க்கும்போது படம் முழுசாக இருக்கும்; தொட்டுப் பெரிதாக்கினால்தான் சாம்பல். சிறு உருவம் தனியாகச் சேமித்த ஒரு குட்டிப் படம் என்பதே காரணம். கோப்பின் அளவு மற்றவற்றைவிட மிகவும் குறைந்திருந்தால் அறுந்து வந்தது என்று முடிவுகட்டி, மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். மூலத்திலேயே அப்படி இருந்தால் மெமரி கார்டு சாகத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல், இருப்பதை உடனே கணினிக்கு மாற்றுவது புத்திசாலித்தனம்.

அரக்குப் பட்டு செங்கல் நிறமாக வெளுத்து வந்தால் பழுது நிற வரையறையில். ஒரே எண்ணுக்கு எவ்வளவு சிவப்பு என்று சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணைகள் இருக்கின்றன. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி எல்லாத் திரைக்கும் பொது. 1998-ன் அடோபி ஆர்ஜிபி அச்சுத் தொழிலுக்கென்று அகலமானது. படம் எடுத்தவர் இரண்டாவதில் எடுத்து, அந்தத் தகவல் வழியில் உதிர்ந்துபோனால், திரை அதே எண்களை முதல் அட்டவணைப்படி படித்து நிறத்தை வெளுக்கிறது. கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு: அடோபி ஆர்ஜிபியில் எடுத்த கோப்பின் பெயரைப் பல கேமராக்கள் அடிக்கோட்டில் தொடங்கும். அப்படிப் பெயரிட்ட படங்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றித் தரும்படி படம் எடுத்தவரிடம் கேட்டால் ஒரு மணி நேர வேலை.

சில படங்களில் கோபுரம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும்; அது சின்ன விஷயம். போனைச் செங்குத்தாகப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் பெரும்பாலும் படுக்கைவாட்டில்தான் எழுதும். ‘காட்டும்போது வலப்புறமாகத் திருப்பு’ என்ற பொருளில் குறிப்பில் 6 என்று ஓர் எண் போட்டு வைக்கும். குறிப்பைப் படிக்காத பழைய மென்பொருளில் படம் படுத்துவிடுகிறது. ஒரு முறை திருப்பிச் சேமித்தால் தீர்ந்தது. ஐபோன் படம் பழைய கணினியில் திறக்கவே மறுத்தால் அது ஹெச்இஐசி வகை. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் இப்படித்தான் சேமிக்கின்றன. ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தருவதற்காக வந்த முறை இது. கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றினால் அடுத்த படத்திலிருந்து ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்ததை அனுப்பும்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

தாலி கட்டிய பிறகு காசி யாத்திரை கிளம்பும் மாப்பிள்ளைக்கு வருவோம். ஆல்பம் படங்களை அடுக்குவது எக்ஸிஃபில் உள்ள நேரத்தை வைத்து. அந்த நேரம் கேமராவின் கடிகாரம் சொன்னது. போன்களின் கடிகாரம் இறங்கிய ஊருக்குத் தக்கபடி தானே மாறிக்கொள்ளும்; பெரும்பாலான கேமராக்களில் கையால் மாற்ற வேண்டும். தை மாதக் கல்யாணத்துக்கு நியூ ஜெர்சியிலிருந்து கேமராவோடு வந்த உறவுக்காரர் அதை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் இடையே பத்தரை மணி நேரம். ஸ்ரீரங்கத்தில் காலை 9.30 மணி முகூர்த்தம் அந்தக் கேமராவுக்கு முந்தின நாள் இரவு 11 மணி. உள்ளூர் ஸ்டூடியோக்காரர் எடுத்த ஜானவாசம் முதல் நாள் மாலை 6 மணி. காசி யாத்திரை மறுநாள் காலை 7 மணி. மூன்றையும் ஒரே ஆல்பத்தில் கொட்டினால், ஜானவாசம் முடிந்து அர்த்தராத்திரிக்கு முன்பே தாலி கட்டி, விடிந்ததும் குடையும் விசிறியுமாக மாப்பிள்ளை காசிக்குப் புறப்பட்டுவிடுகிறார். மென்பொருள் கணக்கில் ஒரு தவறும் இல்லை. எக்ஸிஃப் முறையில் நேர மண்டலத்தை எழுத நெடுங்காலம் இடமே கிடையாது. 2016-ல்தான் அதற்கென்று தனிப் பகுதி சேர்ந்தது. எல்லாக் கேமராக்களும் அதை இன்னும் நிரப்புவதில்லை.

திருத்த ஒவ்வொரு படமாகத் தொட வேண்டியதில்லை. கெட்டிமேளம் கொட்டும் அந்த நொடியை எல்லாக் கேமராவும் எடுத்திருக்கும். அந்த ஒரு காட்சியில் ஸ்டூடியோக் கேமராவின் நேரத்துக்கும் விருந்தாளிக் கேமராவின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, விருந்தாளியின் படங்கள் அத்தனையையும் மொத்தமாக அவ்வளவு நேரம் தள்ளிவைத்தால் ஊஞ்சலும் மாலை மாற்றலும் நலங்கும் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். கணினியில் திறக்கும் கூகுள் போட்டோஸில் இந்த வசதி இருக்கிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளிலும் செய்யலாம். ஒரு முகூர்த்தத்தை வைத்து ஆயிரம் படங்களைச் சீர்செய்துவிட முடியும் என்பது இந்த விஷயத்தில் கிடைக்கும் அபூர்வமான சந்தோஷம்.

வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்தவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அனுப்பும்போதே எக்ஸிஃப் குறிப்பு உதிர்க்கப்படுகிறது. மிஞ்சும் தேதி படம் வந்த நாள். கோப்பின் பெயரில் ஐஎம்ஜி என்பதற்குப் பிறகு வரும் எட்டு இலக்கமும் அந்த நாளே. போன வருஷத்துச் சித்திரைத் தேர் இந்த வருஷம் ஆடியில் வந்து நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குறிப்பு உதிர்வதில் ஒரு நன்மையும் இருக்கிறது. இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால் எக்ஸிஃபில் வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும். ஸ்ரீரங்கம் ஏறக்குறைய 10.86 பாகை வடக்கு, 78.69 பாகை கிழக்கு. பாகையை 3600 விகலைகளாகப் பிரித்தால் ஒரு விகலை நிலத்தில் சுமார் 30 மீட்டர்தான். டாக்குமென்டாக அனுப்பிய படமும் மூலக் கோப்பாகப் பகிர்ந்த ஆல்பமும் எந்த வீட்டுத் திண்ணையில் எடுத்தது என்பதுவரை சொல்லிவிடக்கூடும். ஊருக்கெல்லாம் போகும் ஆல்பத்தில் இருப்பிடத்தை மறைக்கும் விருப்பத்தைப் போட்டுவிட்டு அனுப்புவது நல்லது.

படங்கள் எண்ணிக்கையில் குறைவதற்குப் பெயர் காரணமாகலாம். கேமராக்கள் கோப்புகளுக்கு நான்கு இலக்க எண் போடுகின்றன; 9999-க்குப் பிறகு மறுபடி 0001. ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் ஒரே பெயரில் வேறு வேறு படங்களை வைத்திருக்கும். இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, கணினி கேட்கும் கேள்விக்குப் படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துப் போட்டால் பிரச்சினை கிடையாது.

ஆல்பத்தின் பெயரைத் தமிழில் வைப்பவர்களுக்கு, அதுவும் இந்த ஊர்க்காரர்களுக்கு, ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஆரம்பத்தில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் கொம்பு என்ற வரிசைதான் வழி. 2005-ல் வந்த யூனிகோட் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்தது. அதிலிருந்து ஶ, புள்ளி, ர, ஈகாரக் கொம்பு என்பதே சரியான வரிசை என்று ஆனது. ஆனால் பழைய வழக்கமும் போகவில்லை. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒரே வடிவம். கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஒரு போனின் விசைப்பலகை முதல் விதத்தில் எழுதி வைத்த ‘ஸ்ரீரங்கம் கல்யாணம்’, இன்னொரு போனில் இரண்டாவது விதத்தில் தேடினால் ‘இல்லை’ என்று பதில் வரும். யூனிகோடின் சமப்படுத்தும் விதிகளும் இந்த இரண்டை ஒன்றாக்குவதில்லை. ‘கோபுரம்’ என்பதிலும் சின்ன விவகாரம் உண்டு: ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். இதைச் சமப்படுத்த விதி இருக்கிறது. விதியை எல்லா மென்பொருளும் கடைப்பிடிப்பதில்லை என்பதுதான் சங்கடம். தேடும்போது ‘ரங்கம்’ என்று மட்டும் அடித்துப் பார்க்கலாம். பெயர் வைக்கும்போதே தேதியை எண்ணில் முன்னால் போட்டுவிட்டு அதைத் தேடினால் இந்த எழுத்துக் குழப்பம் தொந்தரவு செய்யாது.

இனி அத்தைக்குத் திறக்காத லிங்க். லிங்கின் கடைசியில் அர்த்தமில்லாமல் நீளும் எழுத்துக் குவியல்தான் சாவி. அதை யாரும் ஊகிக்க முடியாது என்பதே அதன் பாதுகாப்பு. மெசேஜில் நகலெடுக்கும்போது கடைசி நாலு எழுத்து விடுபட்டாலும், வரி உடைந்து நடுவில் ஓர் இடைவெளி புகுந்தாலும் பூட்டு திறக்காது. அப்போது திரையில் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 404 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை: லிங்க் உடைந்திருக்கிறது, அல்லது ஆல்பம் நீக்கப்பட்டிருக்கிறது. 403 என்றால் முகவரி சரி, உள்ளே வர அனுமதி இல்லை. இரண்டாவதற்கு மிகச் சாதாரணமான காரணம், ஒரே போனில் இரண்டு கூகுள் கணக்குகள். அழைப்பு போனது ஒரு முகவரிக்கு. திறக்க முயல்வது மற்றதிலிருந்து. இன்னொரு காரணம், சொந்தக்காரர் இடையில் லிங்க் பகிர்வை நிறுத்தியிருப்பார். நிறுத்திய நொடியில் பழைய லிங்க் செத்துவிடும், குடும்ப குரூப்பில் அது பத்து முறை ஃபார்வர்டு ஆகியிருந்தாலும். ஸ்டூடியோக்கள் தரும் கேலரி லிங்க்குகளுக்கும் பெரும்பாலும் கெடு நாள் இருக்கும்.

சொந்தக்காரர் தன் போனில் திறந்து பார்த்து ‘எனக்கு வருதே’ என்று சொல்வது சோதனை ஆகாது. அவர் வீட்டுக்காரர், அவருக்குக் கதவு எப்போதும் திறக்கும். பிரவுசரில் இன்காக்னிட்டோ சன்னலைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் அதே லிங்கைப் போட்டுப் பார்த்தால்தான் வெளியாருக்கு என்ன தெரிகிறது என்று தெரியும். பாதிப் புகார் இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும்.

நேற்று இருந்த படம் இன்று காணோம் என்றால் ஆல்பம் பட்டியல்தான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் போட்டோஸில் ஒருவர் சேர்த்த படத்தை அவர் தன் போனில் இடம் போதவில்லை என்று ஆப்புக்குள்ளிருந்தே அழித்தால், பட்டியலில் இருந்தும் அது போய்விடும். ஆல்பத்தை விட்டு அவர் வெளியேறினாலும் அவர் சேர்த்தவை கூடவே போகும். அழித்த படம் குப்பைத் தொட்டியில், காப்பு எடுக்கப்பட்டதானால் 60 நாள் இருக்கும். அதற்குள் கேட்டால் மீட்கலாம். படம் வேண்டும் என்பவர் தன் நூலகத்தில் சேமித்துக்கொண்டால் மட்டுமே அது அவருடையது. சேமித்தால் அவருடைய இடத்தைத் தின்னும். 2021 ஜூன் 1-க்குப் பிறகு மெயிலுக்கும் டிரைவுக்கும் படத்துக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபிதான். கல்யாணப் படம் ஒன்று 10 மெகாபைட் என்றால் வெறும் 1500 படம். அது நிரம்பியவரால் ஆல்பத்தில் புதிதாகச் சேர்க்க முடியாது. ஆல்பத்துக்கும் உச்சவரம்பு உண்டு: கூகுளில் 20,000 படங்கள், ஆப்பிளில் 5,000.

ஏறவே மாட்டேன் என்கிற ஆல்பத்துக்குப் பெரும்பாலும் எளிய பெருக்கல் கணக்கு போதும். 800 படம், படத்துக்கு 8 மெகாபைட், மொத்தம் 6.4 ஜிபி. ஒரு பைட்டுக்கு 8 பிட். நொடிக்கு 5 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 2 மணி 50 நிமிடம் ஆகும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் வேகம் இறக்கத்துக்கானது. பல இணைப்புகளில் ஏற்றம் அதைவிட வெகு குறைவு. அந்த மூன்று மணி நேரத்துக்குள் திரை அணைந்து, பேட்டரி சேமிப்பு வசதி ஆப்பைத் தூங்கவைத்துவிட்டால் ஏற்றமும் தூங்கிவிடும். சார்ஜில் போட்டு, வைஃபையில், ஆப்பைத் திறந்துவைப்பது ஒன்றுதான் நிச்சயமான வழி. வைகுண்ட ஏகாதசி விடியலில் ராஜகோபுர வாசலில் நின்று படம் அனுப்புபவர்களுக்கு வேறு இடைஞ்சல்: ஒரு டவரின் அலைவரிசையை அங்கே கூடியிருக்கும் அத்தனை போன்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அம்மாமண்டபம் பக்கம் நடந்துபோய், கூட்டம் கலைந்த பிறகு அனுப்பினால் போகும்.

இத்தனை பாடு வேண்டாம், பென்டிரைவில் கொடுத்துவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு சுவர். கடையில் வாங்கும் பல பென்டிரைவ்கள் எஃப்ஏடி32 முறையில் வருகின்றன. அதில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 64 ஜிபி காலியாக இருந்தும் கல்யாண வீடியோ ஏறாமல் ‘கோப்பு மிகப் பெரியது’ என்ற பொருளில் பிழை காட்டுவது இதனால். எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்தால் ஏறும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்த ஆல்பமும் ஒரு கணக்கின் பெயரில்தான் இருக்கிறது. இந்தியர்கள் கொட்டிக் குவித்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது, பிக்காசா 2016-ல். சேவை மூடாவிட்டாலும், இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கூகுள் கணக்குகளை அந்நிறுவனம் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. தாத்தா பெயரில் பேரன் திறந்து கொடுத்து, சதாபிஷேகப் படங்களை ஏற்றி, பிறகு மறந்துபோன கணக்கும் அதில் அடங்கும். நீக்குமுன் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும்: யாரும் திறக்காத அதே கணக்குக்கும், மீட்பு முகவரி ஒன்று கொடுத்திருந்தால் அதற்கும்.